ஒடிந்த போல்ட், உள்ளே மாட்டிய ஈஸி அவுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களும், சொந்த வண்டியைத் தாங்களே பிரித்துப் பார்க்கிறவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது வால்வையோ பிஸ்டனையோ பற்றி அல்ல, ஒடிந்த போல்டைப் பற்றித்தான். கேள்வி வரும் நேரமும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: ஒரு கையில் போல்டின் தலை, மறு கையில் போன். அப்படி வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன. ஈஸி அவுட்டும் (ஒடிந்த போல்டில் ஓட்டை போட்டு, அதற்குள் விட்டுத் திருப்பி எடுக்கும் கருவி) உள்ளேயே ஒடிந்துபோய் இதைப் படிக்கிறவர்கள் மட்டும் நேராக அந்தக் கேள்விக்குப் போங்கள். அதுவரை அந்த ஓட்டையில் வேறு எதையும் விட்டுத் திருப்ப வேண்டாம்.

நான் ஒண்ணும் முரட்டுத்தனமா திருப்பலையே, பிறகு ஏன் போல்ட் ஒடிஞ்சுது?

உங்கள் கை மட்டும் காரணமாக இருக்காது. அலுமினியம் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் மூடி) இரும்பு போல்ட் வருடக்கணக்காக இருக்கிறது. இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் அரிபடும். அந்த வெள்ளைப் பொடி மரையின் இடுக்கெல்லாம் நிரம்பி, போல்டைச் சிமெண்ட் வைத்ததுபோல இறுக்கிவிடும். எக்ஸாஸ்ட் பக்கத்து ஸ்டட் (தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள போல்ட்) என்றால் கதை வேறு. சூடாவதும் ஆறுவதுமாக ஆயிரக்கணக்கான முறை நீண்டு சுருங்கி, துருவும் ஏறி, உலோகமே களைத்துப் போயிருக்கும்.

மாட்டும்போது அளவுக்கு மீறி இறுக்கியதும் ஒரு காரணம். சாதாரண 8.8 தர (தலையில் எழுதியிருக்கும் வலிமைக் குறி) எம்6 போல்டுக்கு, அதாவது 6 மி.மீ. மரை விட்டமுள்ளதற்கு, 10 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். நீளமான ஸ்பேனரைப் பிடித்த கைக்கு 10 என்பது ஒன்றுமே இல்லை, 20 போனதுகூடத் தெரியாது. அடி மூடிய ஓட்டையில் போல்ட் நீளம் அதிகமாகி அடியில் முட்டினாலும், உள்ளே எண்ணெய் தேங்கி நின்றாலும் இதேதான் நடக்கும். எண்ணெய் தேங்கிய ஓட்டையில் போல்டை இறக்கினால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடுவதும் உண்டு.

ஒடிஞ்ச உடனே முதல்ல என்ன செய்யணும்?

ஸ்பேனரைக் கீழே வையுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் பார்ப்பதற்கு மட்டும். போல்ட் எப்படி ஒடிந்தது என்பதுதான் அதை எப்படி எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும்.

கழற்றும்போது முறுக்கிக்கொண்டே வந்து ஒடிந்ததா, மாட்டும்போது ஒடிந்ததா, அல்லது ஓடும்போதே தானாக ஒடிந்து கிடந்ததா? கழற்றும்போது ஒடிந்தால் மரை பிடித்திருக்கிறது என்று பொருள். மாட்டும்போது தலை போனால், போல்ட் அடியில் முட்டியிருக்காத பட்சத்தில், உள்ளே இருக்கும் துண்டு பெரும்பாலும் சுதந்திரமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதை அழுத்திப் பிடித்திருந்த தலையே இப்போது இல்லை. ஓடும்போது களைப்பில் ஒடிந்ததென்றால் முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாகவும் மீதி சொரசொரப்பாகவும் தெரியும். இந்த வித்தியாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

பிறகு ஓட்டையின் அடி திறந்ததா மூடியதா, பக்கத்தில் தண்ணீர் வழியோ எண்ணெய் வழியோ போகிறதா, சுற்றியிருப்பது அலுமினியமா வார்ப்பிரும்பா என்று பாருங்கள். கையில் இருக்கும் போல்டுத் துண்டின் நீளத்தை அதே அளவு முழுப் போல்டோடு ஒப்பிட்டால் உள்ளே எத்தனை மி.மீ. இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. கிரிப் பிளையர் போதுமா?

துண்டு லேசாக வரும் வகையாக இருந்தால் போதும். பிடித்திருக்கும் துண்டில் கிரிப் பிளையர் வழுக்கி வழுக்கிச் சுற்றிலும் சீவிவிடும், அதோடு வெல்டிங் வைக்கக் கிடைத்திருந்த நல்ல உலோகமும் போய்விடும். ஒருமுறை வழுக்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள். நீளம் இருந்தால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி அடி நட்டைத் திருப்பலாம். உருளை வைத்த ஸ்டட் கழற்றி அதைவிட நன்றாகப் பிடிக்கும்.

எதைச் செய்தாலும் அதற்கு முன் துண்டின் தலையில் நேராகச் சுத்தியலால் நாலைந்து நல்ல அடி கொடுங்கள். வளைக்கிற அடியாக இருக்கக் கூடாது, உள்நோக்கிய அடி. துருவின் பிடி அதிர்ச்சியில் உடைவதுபோல முறுக்கில் உடைவதில்லை.

எண்ணெய் ஊத்தி எவ்வளவு நேரம் விடணும்?

ஒரு இரவு. பத்து நிமிடத்தில் மரையின் அடிவரை எந்த எண்ணெயும் இறங்காது. நடுநடுவே மேலே சொன்ன அடியைக் கொடுத்து மறுபடி ஊற்றினால் இன்னும் இறங்கும். அடி திறந்த ஓட்டை என்றால் பின்பக்கமிருந்தும் ஊற்றுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எண்ணெயைத் துடைக்கப் பிரேக் கிளீனர் அடிக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் வெல்டிங்கோ நெருப்போ வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், அது நுரையீரலை அழிக்கும். டப்பாவில் குளோரின் இல்லை என்று எழுதியிருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகுதான் நெருப்பு.

சூடு பண்ணச் சொல்றாங்க. போல்டைச் சூடாக்கணுமா, சுத்தி இருக்கிறதையா? ஹெட் கெட்டுப்போகாதா?

சுற்றியிருப்பது எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. ஒரு டிகிரி ஏறும்போது அலுமினியம் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 23 பங்கு விரியும், இரும்பு ஏறக்குறைய 12 பங்குதான். ஆகவே அலுமினியம் ஹெட்டில் சுற்றியிருக்கும் பகுதியைச் சூடாக்குங்கள். எம்8 போல்டுக்கு 100 டிகிரி ஏற்றினால் கிடைக்கும் இடைவெளி ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் பொடியின் பிடியை உடைக்க அதுவே உதவுகிறது.

வார்ப்பிரும்பு பிளாக் கிட்டத்தட்ட போல்டின் அளவுக்கே விரியும், அதனால் சுற்றிலும் சூடாக்கிப் பெரிய பயன் இல்லை. அங்கே போல்டையே செக்கச் சிவக்கச் சூடாக்க வேண்டும். விரிய இடமில்லாமல் அது தன்னைத் தானே நசுக்கிக்கொள்ளும், ஆறும்போது முன்பைவிடச் சற்றுச் சுருங்கி நிற்கும். நட்டை வெல்டு வைத்து எடுக்கிற முறை பலிப்பதற்குப் பாதிக் காரணம் இந்தச் சூடுதான்.

ஹெட் கெடுமா என்றால், அளவு மீறினால் கெடும். அலுமினியம் சிவக்காது. நிறம் மாறாமலே இருந்து திடீரென்று சரிந்துவிடும். 150 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் அலுமினியத்தில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கிற இடத்தில் கறுப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்து அதன்மேல் அளந்தால் நம்பலாம். எரிபொருள் குழாய், ரப்பர் சீல் எல்லாவற்றையும் முன்பே அகற்றிவிடுங்கள், தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மெழுகு வைச்சா வரும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். இரும்பில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஸ்டட், மூடி போல்ட் இவற்றில் பலித்துப் பார்த்திருக்கிறேன். சூடான மரையோரத்தில் மெழுகுவர்த்தியை வைத்தால் உருகி இடுக்கில் இழுத்துக்கொள்ளப்படும். புகை வருகிற அளவுச் சூடு போதும், தீப்பிடிக்கிற சூடு வேண்டாம். ஆனால் அதன் பிறகு வெல்டிங் வைக்க நேர்ந்தால் மெழுகு பெரிய இடைஞ்சல். வெல்டிங் மெஷின் கையில் இருந்தால் மெழுகை விட்டுவிடுங்கள்.

ஈஸி அவுட் செட் வாங்கி வைச்சிருக்கேன். நேரா ஓட்டை போட்டு அதை விட்டுத் திருப்பிட்டா முடிஞ்சுதே?

இந்தப் பக்கத்தை எழுதவே காரணம் இந்தக் கேள்விதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முழுப் போல்டையும் தலையைப் பிடித்துத் திருப்பினீர்கள். அது வரவில்லை, ஒடிந்தது. அதாவது மரையின் பிடி, போல்டின் முழு உடம்பு தாங்கும் முறுக்கைவிட அதிகம். இப்போது அந்தப் போல்டுக்குள்ளேயே ஓர் ஓட்டை போட்டு, அதற்குள் போகிற அளவுக்கு மெல்லிய கருவியை விட்டு, அதே பிடியை வெல்லப் பார்க்கிறீர்கள். ஒரு தண்டு தாங்கும் முறுக்கு அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கப்படி மாறும். விட்டம் பாதியானால் தாங்கும் முறுக்கு எட்டில் ஒரு பங்கு. எம்8 போல்டின் மரை அடியில் ஏறக்குறைய 6.5 மி.மீ. உடம்பு இருக்கிறது, உள்ளே போகும் ஈஸி அவுட் 4 மி.மீ. என்றால் அதே எஃகில் கால்வாசி வலுகூட மிஞ்சாது. ஈஸி அவுட்டின் எஃகு கெட்டியானது, அதனால் கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தாலேயே அது வளையாது, முன்னறிவிப்பு இல்லாமல் கண்ணாடிபோல ஒடியும்.

போதாததற்கு, கூம்பாக இருக்கும் திருகு வகை ஈஸி அவுட் உள்ளே ஏற ஏறப் போல்டின் சுவரை வெளிநோக்கித் தள்ளும். ஏற்கெனவே பிடித்திருக்கும் மரையை நீங்களே இன்னும் இறுக்குகிறீர்கள். இவ்வளவும் சேர்ந்துதான் ஒடிந்த போல்டுக்குள் ஒடிந்த ஈஸி அவுட் என்ற நிலை வருகிறது. கற்றுக்கொண்ட காலத்தில் ஓர் அலுமினியம் ஹெட்டில் இதை நானே செய்தேன். போல்டை எடுக்க அரை மணி நேரம் மிச்சப்படுத்தப் பார்த்தேன், ஹெட்டைக் கழற்றி அனுப்பித் திரும்ப வாங்க மூன்று நாள் போனது.

அப்படின்னா ஈஸி அவுட்டே வேண்டாமா?

வேண்டும், பிடிப்பில்லாத போல்டுக்கு. மாட்டும்போது தலை போனது, களைப்பில் ஒடிந்தது, சூடும் அடியும் கொடுத்து ஏற்கெனவே அசைந்துவிட்டது: இந்த மூன்றிலும் அது அருமையான கருவி. பிடித்திருப்பதை விடுவிப்பது சூடும் அதிர்ச்சியும் எண்ணெயும். விடுபட்டதை வெளியே எடுப்பது ஈஸி அவுட்.

வாங்கும்போது நேர்ப்பள்ளம் உள்ள வகையைப் பாருங்கள், திருகு வகையைவிடச் சுவரை விரிப்பது குறைவு. அதோடு எழுதியிருக்கும் டிரில் அளவை அப்படியே பின்பற்றுங்கள். ஓட்டை சிறிதானால் கருவி மெலியும், பெரிதானால் போல்டின் சுவர் மெலிந்து விரியும். திருப்ப ஒருபக்க ஸ்பேனர் வேண்டாம். டேப் (மரை வெட்டும் கருவி) பிடிக்கிற இரண்டு கைப்பிடியை வைத்து, இரண்டு கையாலும் சமமாகத் திருப்புங்கள். ஈஸி அவுட் ஒடிவதில் பாதி, பக்கவாட்டில் வளைப்பதால்தான். கால் சுற்று வந்தால் சற்றுத் திரும்ப முன்னே விட்டு மறுபடி பின்னே. ரப்பரை முறுக்குவதுபோலத் துள்ளித் திரும்புவது தெரிந்தால், அது போல்ட் நகர்வதல்ல, கருவி முறுகுவது. அங்கேயே நிறுத்துங்கள்.

சரியா நடுவுல ஓட்டை போடுறது எப்படி? எனக்கு எப்பவும் ஓரமா போயிருது.

முறிந்த முகம் சாய்வாக இருப்பதால் பிட் வழுக்குகிறது. முதலில் முகத்தைச் சமமாக்குங்கள், டை கிரைண்டரில் (கையில் பிடிக்கும் சிறு அரைப்பு இயந்திரம்) சிறிய பர் என்ற அரிக்கும் முனை போட்டுச் சீவினால் போதும். பிறகு சென்டர் பஞ்ச். முதலில் லேசாக ஒரு புள்ளி வைத்து, நான்கு பக்கமிருந்தும் பார்த்து, தள்ளியிருந்தால் பஞ்ச்சைச் சாய்த்து அடித்துப் புள்ளியை நகர்த்தி, அதன்பிறகே ஆழமாக அடியுங்கள். இதில் செலவழிக்கும் பத்து நிமிடத்துக்கு வேறெதுவும் ஈடாகாது.

கழற்றிய பாகமே நல்ல வழிகாட்டி. மேனிஃபோல்டையோ கவரையோ மற்ற போல்டுகளால் அதன் இடத்தில் மாட்டி, ஒடிந்த போல்டின் துளைக்குள் சரியாக உட்காரும் ஒரு புஷ்ஷை லேத்தில் கடைந்து வைத்தால், டிரில் பிட் நடுவைத் தவிர வேறெங்கும் போக முடியாது. அலுமினியத்தில் இது மிக முக்கியம், ஏனென்றால் பிட் எப்போதும் மென்மையான பக்கம் சாயும். ஒருமுறை அலுமினியத்துக்குள் நழுவினால் மறுபடி இரும்புக்குள் வராது.

டிரில் பிட் ஏறவே மாட்டேங்குது, சும்மா சுத்துது.

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். பிட் மழுங்கியிருக்கும், வேகம் அதிகமாக இருக்கும், அல்லது போல்ட் கெட்டி ரகமாக இருக்கும். தலையில் 8.8 என்றிருந்தால் சாதாரண அதிவேக எஃகுப் பிட் போதும். 10.9, 12.9 என்றிருந்தால் கோபால்ட் பிட் வேண்டும். 4 மி.மீ. பிட்டுக்கு 8.8 போல்டில் நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குமேல் தேவையில்லை, கெட்டி ரகத்தில் ஆயிரம் அளவே நல்லது. பிட் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும். வெட்டெண்ணெய் விட்டு, அழுத்தி, மெதுவாக. சுருள் சுருளாக வந்தால் வெட்டுகிறது, தூளாக வந்தால் தேய்க்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்டைத் தேய்க்க விட்டால் அந்த இடமே இறுகிப்போகும்.

இடது சுத்து டிரில் பிட் வாங்குறது நல்லதா?

நல்லது, ஈஸி அவுட்டுக்கு முன்பே வாங்க வேண்டியது அதுதான். டிரில்லைப் பின்னோக்கிச் சுழலவிட்டு ஓட்டை போடும்போது, பிட் போல்டைக் கழற்றும் திசையிலேயே இழுக்கிறது. ஓட்டையால் போல்டின் இறுக்கம் சற்றுத் தளர்கிறது, கூடவே சூடும் அதிர்வும் சேர்கிறது. பிடிப்பில்லாத துண்டு பல நேரம் பிட்டோடு ஒட்டிக்கொண்டு தானாக வெளியே வந்துவிடும். வராவிட்டாலும் நீங்கள் எப்படியும் போட வேண்டிய ஓட்டைதான்.

நட்டை வெல்டு வைச்சு எடுக்கிற முறை எப்படி? துண்டு உள்ளே இறங்கிப்போயிருந்தா கூட முடியுமா?

பிடித்த போல்டுக்கு நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். போல்டைவிட ஓரளவு பெரிய, துத்தநாகப் பூச்சு இல்லாத நட்டைத் துண்டின்மேல் வைத்து, துளையின் நடுவே மிக் வெல்டிங்கைத் தொடங்கி, போல்டிலிருந்து மேலே நிரப்பிக்கொண்டே வந்து நட்டோடு சேருங்கள். நட்டில் மட்டும் வெல்டு ஏறி, போல்டில் ஒட்டாமல் போவதுதான் எல்லோரும் செய்கிற பிழை. ஆகவே முதல் பொறி போல்டின் நடுவில்.

துண்டு மட்டத்துக்குக் கீழே இருந்தாலும் முடியும். இரும்பு வெல்டு அலுமினியத்தோடு இணையாது. அதனால் அலுமினியம் ஹெட்டில் போல்டின் நடுவில் சிறுசிறு பொட்டாக வைத்து, வெளியே எட்டும்வரை தூண்போல உயர்த்தி, அதன்மேல் நட்டு வைக்கலாம். வார்ப்பிரும்பில் இந்த வசதி இல்லை, ஓரத்தில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு செம்புக் குழாய்த் துண்டை உள்ளே இறக்கிச் சுவரை மறைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டு வைத்த உடனே திருப்பக் கூடாது. சிவப்பு போய், ஓரளவு ஆறும்வரை பொறுங்கள். பிறகு மெழுகோ எண்ணெயோ ஓரத்தில் தொட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை நகர்ந்தாலும் வெற்றிதான். வண்டியிலேயே வைத்துச் செய்வதென்றால் பேட்டரி மைனஸைக் கழற்றி, எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் பிடுங்கி, எர்த் கிளாம்பை ஒடிந்த போல்டுக்கு மிக அருகில் மாட்டுங்கள்.

ரெண்டு தடவை வெல்டு வைச்சும் நட்டு மட்டும் பிடுங்கிக்கிட்டு வருது. விட்டுடலாமா?

இன்னும் விட வேண்டாம். நான்காவது, ஐந்தாவது முறையில் வந்த போல்டுகள் நிறைய. ஒவ்வொரு முறையும் போல்ட் இன்னொரு தரம் சூடாகி ஆறுகிறது, அதுவே வேலை செய்துகொண்டிருக்கிறது. முறிந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் துடைத்து, ஆம்பியரை ஒரு படி ஏற்றி மறுபடி வையுங்கள்.

ஈஸி அவுட் உள்ளேயே ஒடிஞ்சு போச்சு. இப்ப என்ன செய்ய?

முதலில் செய்யக் கூடாதது: அதே ஓட்டையில் சாதாரண டிரில் பிட். ஈஸி அவுட்டின் எஃகு ஏறக்குறைய உங்கள் பிட்டின் அளவுக்கே கெட்டியானது. பிட் அதன்மேல் ஏறாது, பக்கத்திலிருக்கும் போல்டிலோ அலுமினியத்திலோ சறுக்கி ஓட்டையைக் கெடுக்கும். கோபால்ட் பிட்டும் இங்கே தோற்கும்.

ஒடிந்த முனை வெளியே தெரிந்தால், அது இடப்பக்கம் திரும்பி ஏறியது என்பதை நினைவில் வைத்து, வலப்பக்கமாகத் திருப்பி வெளியே எடுக்கப் பாருங்கள். முனை மெல்லிய இடுக்கிக்குக் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால், அது கண்ணாடிபோல நொறுங்கும் என்று மேலே சொன்ன குணமே இப்போது உதவும். கூர்மையான கெட்டிப் பஞ்ச்சை வைத்துச் சுருக்கென்று அடித்தால் சில்லு சில்லாக உடையும். சில்லைக் காந்தத்தால் எடுத்து எடுத்து அடிக்க வேண்டும். கண் கண்ணாடி இல்லாமல் இதைத் தொடவே கூடாது, தெறிக்கும் சில்லு கண்ணுக்குள் தைக்கும். மெல்லிய அலுமினியச் சுவர் பக்கத்தில் இருந்தால் இந்த முறையும் வேண்டாம்.

அடுத்தது கார்பைடு பர். வேகமாகச் சுற்றும் டை கிரைண்டரில் 3 மி.மீ. பர் மாட்டி, நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகலாம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகும், இரண்டு மூன்று பர் தீரும், ஆனால் கையாலேயே முடிகிற வேலை. கார்பைடு டிரில் பிட்டும் ஈஸி அவுட்டை வெட்டும். ஆனால் அது மில்லிங் மெஷினில், பாகத்தை அசையாமல் கட்டினால்தான். கை டிரில்லில் போட்டால் முதல் ஆட்டத்திலேயே அதுவும் உள்ளே ஒடிந்து, மூன்றாவது துண்டாக நிற்கும்.

எந்த வகையிலும் பாதுகாப்பானது மின்பொறி அரிப்பு. ஒரு மின்முனைக்கும் ஒடிந்த கருவிக்கும் நடுவே பொறி பறந்து பறந்து, உலோகத்தை நுண்துளியாக உருக்கி எடுத்துவிடும். கெட்டித்தன்மை அதற்கு ஒரு பொருட்டே இல்லை, தொடுவதும் இல்லை, முறுக்குவதும் இல்லை, அதனால் சுற்றியுள்ள மரைக்கு ஒன்றும் ஆகாது. அச்சுக் கருவி செய்யும் பட்டறைகளில் இந்த இயந்திரம் இருக்கும். விலை உயர்ந்த ஹெட் என்றால், மேலே சொன்ன எதையும் முயன்று ஓட்டையைக் கெடுப்பதற்கு முன்பே அங்கே கொண்டுபோங்கள்.

இன்னொரு வழியையும் மறக்காதீர்கள். ஈஸி அவுட் ஒடிந்தாலும் அதைச் சுற்றிப் போல்டின் சுவர் இருக்கிறது. அந்த வளையத்தில் வெல்டு பிடித்தால், மேலே சொன்ன நட்டு முறையில் இரண்டும் சேர்ந்தே வெளியே வருவதுண்டு.

படிகாரத் தண்ணியில போட்டா ஈஸி அவுட் கரையுமாமே?

கரையும், நிபந்தனைகளோடு. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பித்தளையில் ஒடிந்த எஃகுத் திருகைப் படிகாரக் கரைசலில் போட்டுக் கரைப்பது பழைய முறை. எஃகு மெல்லக் கரையும், பித்தளை நிற்கும். அலுமினியப் பாகத்திலும் இதைச் செய்கிறார்கள். சூடான, கெட்டியான கரைசல் வேண்டும், நாள்கணக்கில் வைக்க வேண்டும், துண்டிலிருந்து குமிழி வருவது நின்றால் கரைசலை மாற்ற வேண்டும். கலப்பு உலோகம் அதிகமுள்ள அதிவேக எஃகு இன்னும் மெதுவாகத்தான் கரையும்.

ஆனால் இது தனியாகக் கழற்றி எடுத்த சிறிய கவர், கார்புரேட்டர் உடல் போன்றவற்றுக்கு மட்டும். ஹெட்டை அப்படியே முக்கினால் வால்வு சீட்டும் சேர்ந்து அரிக்கப்படும். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு நினைக்கவே வேண்டாம், பிளாக்கும் இரும்புதானே. நைட்ரிக் அமிலம் என்று யாராவது சொன்னால் அதை எஞ்சின் அருகில் கொண்டுவராதீர்கள்.

ஓட்டை கோணலா போயிருச்சு. திரும்ப நடுவுக்குக் கொண்டுவர முடியுமா?

இரும்புக்குள்ளேயே தள்ளிப் போயிருந்தால் முடியும். சிறிய பர்ரால் எதிர்ப்பக்கத்தை அரித்து, ஓட்டையை நடுநோக்கி நகர்த்தி, பிறகு புஷ் வழிகாட்டியோடு அடுத்த அளவு பிட். மில்லிங் மெஷின் கிடைத்தால், அதில் மாட்டும் எண்ட் மில் என்ற வெட்டுக் கருவி, டிரில் பிட் சாய்வதுபோலச் சாயாமல் நேராக இறங்கும். அலுமினியத்துக்குள் பாதி நுழைந்துவிட்டதென்றால் டிரில்லிங் அத்தோடு போதும், மீதியிருக்கும் இரும்பில் வெல்டு வைத்துப் பாருங்கள். அதுவும் தோற்றால் மில்லிங்கில் பெரிதாக்கிக் கெட்டி உறை (உள்ளும் வெளியும் மரையுள்ள உலோகக் குழல்) மாட்டுவதுதான் வழி.

போல்டையே முழுசா டிரில் பண்ணி, மரையை மட்டும் உரிச்சு எடுக்கலாமா?

ஓட்டை சரியாக நடுவில் இருந்தால் மட்டும். ஒவ்வோர் அளவாக ஏற்றி, டேப் போடுவதற்கு முந்தைய டிரில் அளவில் நிறுத்த வேண்டும்: எம்6க்கு 5 மி.மீ., எம்8க்கு 6.8, எம்10 சாதாரண மரைக்கு 8.5, எம்10இல் 1.25 மரைக்கு 8.8. கால் மி.மீ. முன்பே நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. சுவர் காகிதம்போல ஆனதும் போல்டின் பிடி தானாக விழும். அப்போது கூர்முனையால் மரையின் முதல் இழையைக் கிளப்பினால் சுருள் கம்பிபோல இழுத்து எடுத்துவிடலாம். கடைசியில் மரையைச் சுத்தம் செய்ய வெட்டும் டேப்பைவிட மரை சீராக்கும் டேப் நல்லது, அது உலோகத்தைக் குறைக்காது.

மரை போயிருச்சு. ஹெலிகாயில் போட்டா பழைய பலம் வருமா?

வரும். ஹெலிகாயில் என்பது கெட்ட மரைக்குப் பதிலாக ஓட்டையில் மாட்டும் கம்பிச் சுருள். அலுமினியத்தில் பழையதைவிடக் கூடுதலாகவே வரும், ஏனென்றால் கம்பிச் சுருள் உட்காரும் மரை முன்பைவிடப் பெரிய விட்டம், போல்ட் தொடுவது ஸ்டெயின்லெஸ் கம்பியை. சில எஞ்சின்களில் தயாரிக்கும்போதே போட்டு வருகிறார்கள். ஆகவே இதை ஒட்டு வேலையாக நினைக்க வேண்டாம். கிட்டில் எழுதிய டிரில், கிட்டில் உள்ள டேப் தவிர வேறு போடக் கூடாது. சுருள் மேல்மட்டத்திலிருந்து கால் முதல் அரைச் சுற்று கீழே நிற்கட்டும். அடி நாக்கை ஒடித்து எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அடிக்கடி கழற்றி மாட்டும் இடம், ஸ்பார்க் பிளக் ஓட்டை இவற்றுக்குக் கம்பிச் சுருளைவிடக் கெட்டி உறை மேல்.

ஸ்பார்க் பிளக் மேல் பாகம் மட்டும் கழண்டு வந்துருச்சு. இதுவும் ஒடிஞ்ச போல்ட் மாதிரிதானா?

பாதி. உள்ளே இருப்பது ஏற்கெனவே ஓட்டையுள்ள மெல்லிய, மென்மையான ஓடு. அதனால் இங்கே சதுர முனை எக்ஸ்ட்ராக்டர் நன்றாக வேலை செய்யும், ஒடியும் அபாயமும் குறைவு. பீங்கானை முதலில் எடுக்க வேண்டும், ஆனால் அது சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறும். அந்த சிலிண்டரில் இரண்டு வால்வும் மூடிய நிலைக்கு எஞ்சினைத் திருப்பி வைத்தால் துகள் வால்வுச் சீட்டில் சிக்காது. பிறகு மெல்லிய குழாய் மாட்டிய வேக்யூமால் உறிஞ்சுங்கள். டீசல் குளோ பிளக் (குளிரில் கிளப்ப சிலிண்டரைச் சூடாக்குவது) என்றால் ஒடியும் முன்பே கவனம். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, கையேடு சொல்லும் கழற்று முறுக்கு எல்லையைத் தாண்டாமல், வராவிட்டால் எண்ணெய் விட்டு மறுநாள்.

இரும்புத் தூள் எஞ்சினுக்குள்ள போயிருக்குமோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது, வேலை தொடங்கும் முன்பே அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். திறந்த வழிகள் அனைத்தையும் துணியால் அல்ல, நார் விடாத ஸ்பாஞ்சாலோ ஒட்டும் டேப்பாலோ அடையுங்கள், எத்தனை அடைப்பு என்று எழுதி வையுங்கள். டிரில் பிட்டிலும் மரை வெட்டும் டேப்பிலும் கிரீஸ் தடவினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். காந்தம் இரும்பைத்தான் எடுக்கும், அலுமினியத் தூளை வேக்யூம்தான் எடுக்கும். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், தூள் இன்னும் உள்ளே போய் ஒளியும்.

புது போல்ட் மாட்டும்போது மறுபடி பிடிக்காம இருக்க ஆன்டி சீஸ் தடவலாமா?

மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை அது; எக்ஸாஸ்ட் ஸ்டட்டிலும், ஈரம் படும் அலுமினிய மரையிலும் தடவலாம். அதிகச் சூட்டுக்கு நிக்கல் வகை. ஆனால் தடவினால் உராய்வு குறையும், அதே டார்க் (இறுக்கும் முறுக்கு) எண்ணில் இறுக்கினால் போல்ட் கூடுதலாக நீளும், மறுபடி ஒடியும். கையேடு உலர் மரைக்குச் சொன்ன எண் என்றால் கால் பங்கு வரை குறைத்து இறுக்குங்கள். ஹெட் போல்ட், கனெக்டிங் ராட் போல்ட் இவற்றில் கையேடு சொல்லாத எதையும் தடவாதீர்கள். நீட்டி இறுக்கும் வகை ஹெட் போல்ட் என்றால் பழையதைத் திரும்ப மாட்டவும் வேண்டாம்.

மாட்டும் முன் ஓட்டைக்குள் எண்ணெயோ தண்ணீரோ நிற்கிறதா என்று ஒரு காகிதச் சுருளை விட்டுப் பாருங்கள். புதுப் போல்டைக் கையாலேயே அடிவரை இறக்குங்கள். விரலுக்கு இறங்காத போல்டில் ஸ்பேனரை வைக்க வேண்டாம், வெளியே எடுத்து மரையை மறுபடி சுத்தம் செய்யுங்கள்.